கேக்குதா? – குரலுக்கு மார்க் போட்ட கதை

போனை எடுத்தா நம்ம ஊர்ல முதல்ல வர்ற வார்த்தை வணக்கம் இல்ல, "கேக்குதா?"தான். பட்டணத்துல இருக்கிற நீங்க இப்ப இதை அதிகம் கேக்க மாட்டீங்க. எங்க பக்கம் இன்னும் தினம் பத்து தடவை கேக்குறோம். களத்துமேட்டுல நின்னு ஒரு தடவை, போர்செட்டு ஓரம் ஒரு தடவை, மாட்டுக்கொட்டாய்க்குள்ள போனா இன்னொரு தடவை.

இந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேலான சரித்திரம் இருக்கு. கேக்குது, கேக்கல என்பதை எப்படி அளக்குறது? கம்பியில ஓடுற மின்சாரத்தை மீட்டர் வெச்சு அளந்துடலாம். ஆனா கேக்குற மனுஷனுக்கு அது திருப்தியா இருந்துச்சா இல்லையான்னு எந்த மீட்டர் சொல்லும்? இதுக்குன்னே உலகத்துல நிறைய பேர் மண்டையை உடைச்சிருக்காங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். கொஞ்ச நாளா இதைப் பத்திக் கேட்டும் படிச்சும் தெரிஞ்சுகிட்டதை எனக்குப் புரிஞ்ச பாஷையில எழுதறேன்.

நெல்லு விக்கிறவனுக்கு இந்த விஷயம் புதுசு இல்லீங்க. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா சாதாரணமா எடுக்க மாட்டாங்க. அதைப் பார்க்க மிஷின் இருக்கு. ஆனா எங்க அப்பா காலத்துல ஒரு நெல்லை எடுத்துப் பல்லுல வெச்சுக் கடிப்பாங்க. 'டக்'னு உடைஞ்சா காஞ்சிருக்கு, நசுங்கினா ஈரம். மிஷின் ஒரு பக்கம், மனுஷன் பல்லு ஒரு பக்கம். டெலிபோன் கதையும் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஓடுது.

கிரகாம் பெல் டெலிபோன்ல முதல் வாக்கியத்தைப் பேசினது 1876 மார்ச் மாசம். அப்ப குரல் கேட்டதே அதிசயம், தரத்தைப் பத்தி யார் கவலைப்பட்டா? அப்புறம் கம்பி ஊர் ஊரா போச்சு. தூரம் கூடக் கூட குரல் மெலிஞ்சுது. எவ்வளவு மெலிஞ்சுதுன்னு சொல்ல அமெரிக்காவுல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. குறிப்பிட்ட கனத்துல ஒரு மைல் நீளக் கேபிளை அளவுகோலா வெச்சுகிட்டாங்க. சோதிக்க வேண்டிய லைன்ல ஒரு தடவை குரலைக் கேக்கணும், அந்த அளவுகோல் கேபிள்ல ஒரு தடவை கேக்கணும். ரெண்டும் ஒரே மாதிரி கேக்குற வரைக்கும் கேபிளோட மைலைக் கூட்டிக் குறைக்கணும். 'இந்த லைன் இருபது மைல் கேபிளுக்குச் சமம்'னு கணக்கு எழுதிடுவாங்க. மரக்கால் வெச்சு நெல் அளந்த மாதிரிதான். ஆனா அளந்த கருவி மனுஷக் காது. சாதாரண ஆள் காதுக்குத் தெரியற ஆகச் சின்ன வித்தியாசமும் சுமாரா அந்த ஒரு மைல் அளவுதானாம்.

1920கள்ல இந்த மைல் கணக்கை விட்டுட்டு வேற ஒரு அலகு கொண்டு வந்தாங்க. அதுக்குத்தான் பிற்பாடு பெல் பேரை வெச்சு 'டெசிபல்'னு சொன்னாங்க. இன்னைக்குக் கோயில் திருவிழாவுல ஸ்பீக்கர் சத்தம் இத்தனை டெசிபலுக்கு மேல போகக்கூடாதுன்னு போலீஸ்காரர் சொல்றாரே, அந்த டெசிபல் டெலிபோன் கேபிள்ல பிறந்தது.

சத்தம் கேட்டா மட்டும் போதுமா? புரியணுமே. அதுக்கு அடுத்த சோதனை வந்துச்சு. பெல் கம்பெனிக் குழுமத்துல ஜார்ஜ் கேம்பெல்னு ஒருத்தர் 1910லயே இதை ஆரம்பிச்சார். அவருக்குப் பின்னாடி ஹார்வி ஃப்ளெச்சர் என்பவர் பெரிய அளவுல செஞ்சார். அர்த்தமே இல்லாத அசைகளை ஒருத்தர் போன்ல படிப்பார், அந்தப் பக்கம் இருக்கிறவர் காதுல விழுந்ததை எழுதணும். நூத்துக்கு எத்தனை சரின்னு மார்க்.

ஏன் அர்த்தமில்லாத அசை? அர்த்தமுள்ள வார்த்தைன்னா பாதி கேட்டாலே மீதியை நம்ம மூளை நிரப்பிடும். "நாளைக்கு நடவு, ஆள் வே..." அப்படின்னு அறுந்தாலும் 'வேணும்'னு நமக்குத் தெரியும். அப்ப பாராட்ட வேண்டியது மூளையை, லைனை இல்ல. ஆனா எண்ணுக்கு இந்த உதவி கிடையாது. மூட்டைக்கு "அம்பது ரூபா கூட"ன்னு வியாபாரி சொல்றதும் "ஒம்பது ரூபா கூட"ன்னு சொல்றதும் மோசமான லைன்ல ஒண்ணுதான். மருந்துக் கடைக்காரர் டேங்குக்கு இத்தனை மில்லின்னு சொல்றப்போ அம்பதும் ஒம்பதும் மாறினா பயிர் கருகிடும். இன்னைக்கும் நான் எண்ணைக் கேட்டா திருப்பிச் சொல்லி உறுதி பண்ணாம வைக்க மாட்டேன்.

இந்த மாதிரி சோதனைகள்ல ஒரு பெரிய உண்மை தெரிஞ்சுது. மனுஷக் காது சுமாரா 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். ஆனா பேச்சு புரிய அவ்வளவும் தேவையில்ல. நடுவுல இருக்கிற கொஞ்சம் போதும். டெலிபோன் உலகம் 300லிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும் எடுத்துகிட்டு மிச்சத்தை வெட்டிடுச்சு. புரியும், ஆனா ஆள் பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்காது. ஆங்கில எழுத்துல 'எஸ்'ஸும் 'எஃப்'பும் போன்ல குழம்புறது இதனாலதான். அந்த உரசல் ஒலியெல்லாம் மேல் பக்கத்துல இருக்கு, அது வெட்டுப்பட்டுடுச்சு.

அப்புறம்தான் அவங்களுக்கு இன்னொண்ணு உறைச்சுது. புரியறது வேற, பிடிக்கிறது வேற. ரேஷன் அரிசிச் சோறும் வயித்தை நிரப்பும், சீரகச்சம்பாவும் நிரப்பும். ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்வீங்களா? அதனால நேரடியா ஆளையே கேட்டுட்டாங்க. உங்க அபிப்பிராயத்துல இது எப்படி? மிக நல்லதுன்னா 5, நல்லதுன்னா 4, சுமார்னா 3, மோசம்னா 2, ரொம்ப மோசம்னா 1. எல்லார் மார்க்கையும் கூட்டி ஆள் எண்ணிக்கையால வகுத்தா வர்றது 'சராசரி அபிப்பிராய மார்க்'. ஆங்கிலத்துல சுருக்கி 'மாஸ்'ங்கிறாங்க. ஐ.நா.வோட சர்வதேசத் தொலைத்தொடர்பு சங்கம் இதுக்கான முறையை 1996ல 'பி.800'னு ஒரு பரிந்துரையா வெளியிட்டுச்சு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது மார்க் போடற ஆளைத் தேர்ந்தெடுக்கிற விதி. டெலிபோன் தரம் சம்பந்தமான வேலை பார்க்கிறவங்க வரக்கூடாது. கடந்த ஆறு மாசத்துல இந்த மாதிரி எந்தச் சோதனையிலயும் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதே வாக்கியங்களை முன்னாடி கேட்டிருக்கக் கூடாது. சமைச்சவர் ருசி பார்த்துச் சொல்றது வேற, பந்தியில உட்கார்ந்தவர் சொல்றது வேற இல்லையா? இவங்களுக்குப் பந்திக்காரர்தான் வேணும்.

எங்க தலைமுறையில சிலபேர் இந்த மார்க் போடற வேலையை வாலிபத்துலயே செஞ்சிருக்கோம். சிற்றலை வானொலி கேக்குறவங்க வெளிநாட்டு நிலையங்களுக்குக் கடுதாசி போடுவோம். 'இத்தனை மணிக்கு இந்த மீட்டர்ல கேட்டேன், 4 3 4 3 3' அப்படின்னு எழுதணும். அலையோட பலம், அடுத்த நிலையத்தோட குறுக்கீடு, இரைச்சல், அலை ஏறி இறங்கற தொந்தரவு, மொத்தத்துல எப்படி – அஞ்சுக்கும் ஒண்ணுலிருந்து அஞ்சு வரைக்கும் மார்க். 'சின்போ'ன்னு பேரு. பதிலுக்கு அவங்க படம் போட்ட அட்டை அனுப்புவாங்க. எங்கயோ கடல் தாண்டி இருக்கிற நிலையத்துக்கு, தன்னோட ஒலி எங்க ஊர் வேப்பமரத்தடியில எப்படி வந்து விழுதுன்னு தெரிய வேற வழி கிடையாது. கேக்குறவன் சொன்னாத்தான் உண்டு.

செல்போன் வந்தப்போ இந்த மார்க் முறைதான் கை கொடுத்துச்சு. டிஜிட்டல் லேண்ட்லைன்ல ஒரு குரலுக்கு விநாடிக்கு 64,000 பிட் செலவு பண்ணாங்க. ஜி.எஸ்.எம். செல்போன்ல காத்துல இடம் பத்தாது. அதனால 13,000 பிட்டுக்குள்ள சுருக்கினாங்க. இந்தச் சுருக்கம் குரலை அப்படியே நகல் எடுக்கிறதில்ல. தொண்டையும் வாயும் வேலை செய்ற விதத்தைக் கணக்காக்கி அனுப்பி, அந்தப் பக்கம் புதுசா ஒரு குரலை உண்டாக்குது. பழைய மீட்டரை வெச்சு அசலையும் நகலையும் ஒப்பிட்டா 'எல்லாமே தப்பு'ன்னு காட்டும். காதுக்கோ 'பரவாயில்லையே'ன்னு தோணும். மீட்டர் கைவிட்ட இடத்துல மனுஷனை உட்கார வெச்சுக் கேட்டுத்தான் எந்தச் சுருக்கும் முறை நல்லதுன்னு முடிவு பண்ணாங்க.

குரல் தெளிவா இருந்தும் பேச்சு கெட்டுப்போற சங்கதி ஒண்ணு உண்டு, அது தாமதம். 1965ல 'எர்லி பேர்டு' செயற்கைக்கோள் மேல போச்சு. அது நிக்கிற உயரம் சுமார் 36,000 கிலோமீட்டர். குரல் மேல போய்க் கீழ வர கால் விநாடி. பதில் வர இன்னொரு கால் விநாடி. அரை விநாடிதானேன்னு தோணும். ஆனா பேசிப் பாருங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிப்பாங்க, ரெண்டு பேரும் நிறுத்துவாங்க, மறுபடி ஒரே நேரத்துல ஆரம்பிப்பாங்க. ஒரு பக்கம் 150 மில்லி விநாடிக்குள்ள இருந்தா பெரும்பாலும் தொந்தரவு இல்ல, 400ஐத் தாண்டக்கூடாதுன்னு சர்வதேசச் சங்கம் பிற்பாடு வரையறுத்துச்சு.

தரம் என்பது காது, கண்ணோட முடியற விஷயமும் இல்ல. அமெரிக்காவோட ஏ.டி. அண்டு டி. கம்பெனி 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில முகம் பார்த்துப் பேசற 'பிக்சர்போன்' காட்டினாங்க. 1970ல பிட்ஸ்பர்க் நகரத்துல வியாபாரத்துக்கு விட்டாங்க. மாசம் 160 டாலர். வாங்க ஆள் வரல. விலை அதிகம், வாங்கினாலும் அந்தப் பக்கம் பேச ஆளுகிட்ட அது இல்ல, போதாக்குறைக்கு வீட்டுல இருக்கிற கோலத்துல முகத்தைக் காட்டப் பலபேருக்கு இஷ்டமும் இல்ல. படம் எவ்வளவு தெளிவுன்னு அளந்தவங்க, ஆளுக்கு அது வேணுமான்னு அளக்கல.

இதுக்கு நேர்மாறா ஒரு வேலை நம்ம நாட்டுல நடந்துச்சு. விவசாயிங்க அவசியம் தெரிஞ்சுக்க வேண்டியது. 1975 ஆகஸ்ட் 1லிருந்து 1976 ஜூலை 31 வரைக்கும், ஒரு வருஷம், 'சைட்'னு ஒரு பரிசோதனை. அமெரிக்காவோட நாசா ஏ.டி.எஸ்-6ங்கிற செயற்கைக்கோளைக் கடன் கொடுத்துச்சு. ஆறு மாநிலத்துல 2,400 கிராமத்துக்கு நேரா டிவி. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற மாதிரி வலையில பத்தடி அகலத் தட்டு. விவசாயம், சுகாதாரம், பள்ளிக்கூடப் பாடம் எல்லாம் போட்டாங்க. விக்ரம் சாராபாய் கண்ட கனவு, அவர் காலத்துக்குப் பின்னாடி நிறைவேறுச்சு. ஆந்திரா, கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் அந்த ஆறும். தமிழ்நாடு இல்ல.

இதுல பெரிய விஷயம் ராக்கெட்டோ தட்டோ இல்லீங்க. பார்க்கிறவங்களுக்கு என்ன போய்ச் சேருதுன்னு தெரிஞ்சுக்க இஸ்ரோ சமூகவியல் ஆட்களை வேலைக்கு வெச்சுது. மானிடவியல் படிச்சவங்க கிராமத்துலயே போய்த் தங்கி, யார் வந்து பார்க்கிறாங்க, யார் வர்றதில்ல, பேச்சு புரியுதான்னு பார்த்து எழுதினாங்க. விஞ்ஞானி ஒருத்தர் சிக்னலை அளக்கிறார், இன்னொருத்தர் திண்ணையில உட்கார்ந்து ஜனத்தை அளக்கிறார். ரெண்டும் சேர்ந்தாத்தான் முழு அளவு.

டிவி படத்துக்கு மார்க் போடவும் இதே மாதிரி விதிமுறை 1974லயே வந்தாச்சு. குறைஞ்சது பதினஞ்சு பேர், படத்தொழில் தெரியாதவங்க, கண் பார்வை சோதிச்சுத்தான் உள்ள விடணும், அரைமணி நேரத்துக்கு மேல உட்கார வைக்கக்கூடாது. ஆனா இன்டர்நெட் வந்து கோடிக்கணக்கா வீடியோ ஓடறப்போ ஒவ்வொண்ணுக்கும் பதினஞ்சு பேரை எங்க தேடறது? அதனால மனுஷன் மாதிரி மார்க் போடற மிஷின் செய்யக் கிளம்பினாங்க. 1997ல பல நாட்டு நிபுணர்கள் ஒரு குழுவாச் சேர்ந்தாங்க. வந்த கணக்குமுறைகளை எல்லாம் மனுஷங்க போட்ட மார்க்கோட ஒப்பிட்டாங்க. 2000ல முடிவு சொன்னாங்க: ஒண்ணுகூட, புள்ளிக்குப் புள்ளி வித்தியாசம் பார்க்கிற பழைய எளிய கணக்கைத் தெளிவா ஜெயிக்கல. எனக்கு இதைப் படிச்சப்போ அந்தக் குழு மேல மரியாதைதான் வந்துச்சு. தோத்ததை வெளிப்படையா எழுதி வெச்சாங்களே.

அதுக்கப்புறம் முன்னேற்றம் வந்துச்சு. குரலுக்கு 2001ல 'பெஸ்க்'. படத்துக்கு 2004ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்து ஆலன் போவிக்கும் கூட்டாளிகளும் சேர்ந்து 'எஸ்சிம்'. புள்ளிக்குப் புள்ளி பார்க்காம, கண்ணு பார்க்கிற மாதிரி படத்தோட அமைப்பைப் பார்க்கிற கணக்கு அது. 2015ல அதுக்கு எம்மி விருதே கொடுத்தாங்க. 2016ல நெட்ஃபிளிக்ஸ் 'விமாஃப்'னு ஒண்ணை எல்லாருக்கும் இலவசமாத் திறந்துவிட்டாங்க. பல அளவைக் கலந்து நூத்துக்கு இத்தனைன்னு மார்க் கொடுக்கும். ஆனா ஒண்ணை மறக்கக்கூடாது. விமாஃப் மாதிரி மிஷினுக்கு மார்க் போடக் கத்துக்கொடுத்தது, முன்னாடி மனுஷங்க உட்கார்ந்து போட்ட மார்க்தான். யார் போட்ட மார்க்கோ, அவங்க ரசனைதான் மிஷினோட ரசனை.

இப்ப நீங்க வீடியோ பார்க்கிறப்போ அந்த வட்டம் சுத்துமே, அதைப் பத்தியும் ஆராய்ச்சி நடந்திருக்கு. 2012ல சண்முக கிருஷ்ணனும், சென்னை ஐ.ஐ.டி.யில படிச்ச ரமேஷ் சீதாராமனும் 2 கோடியே 30 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்டதை அலசினாங்க. ஆரம்பிக்க ரெண்டு விநாடி தாண்டினதும் ஜனம் விட்டுட்டுப் போக ஆரம்பிக்குது. அதுக்கு மேல ஒவ்வொரு விநாடிக்கும் போறவங்க 5.8 சதவீதம் கூடுது. வேகமான லைன் வெச்சிருக்கிறவங்கதான் சீக்கிரம் பொறுமை இழக்கிறாங்க, மெதுவான லைன்காரங்க காத்திருக்கிறாங்க.

இந்தக் கடைசி வரி என்னை ரொம்ப யோசிக்க வெச்சுது. மெதுவான லைன்காரன் காத்திருக்கிறான்னா அவனுக்குத் திருப்தின்னு அர்த்தமா? பழகிப்போச்சுன்னு அர்த்தம். போன வருஷம் எங்க மாடு கன்னு போட முடியாம ராத்திரி கஷ்டப்பட்டுச்சு. டாக்டருக்கு வீடியோ கால் போட்டேன். படம் உறைஞ்சு நின்னுடுச்சு. "படத்தை நிறுத்திட்டுக் குரல்ல மட்டும் பேசுங்கய்யா"ன்னார். நிறுத்தினதும் குரல் தெளிவா வந்துச்சு. அவர் சொல்லச் சொல்லச் செஞ்சோம், கன்னு பொழைச்சுது. அந்த அழைப்புக்கு யாராவது மார்க் கேட்டிருந்தா அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பேன். மீட்டரைக் கேட்டிருந்தா 'வீடியோ தோல்வி'ன்னு எழுதியிருக்கும். அந்த ராத்திரி எனக்குத் தேவைப்பட்டது படம் இல்ல, குரல். எனக்கு எது தேவைங்கிறதும் தரத்துல ஒரு பங்குதான்.

இந்த விஷயத்தை ஐரோப்பாவுல நிபுணர்கள் ஒண்ணுகூடி 2012ல ஒரே வரியில வரையறுத்தாங்க. பயன்படுத்தறவருக்கு அந்தச் சேவையால கிடைக்கிற சந்தோஷம் இல்ல எரிச்சல், அது எந்த அளவுங்கிறதுதான் அனுபவத் தரம். அலைவரிசை, பிட், டெசிபல் எதுவும் அந்த வரியில இல்ல.

சரி, நம்ம ஊர் நிலவரத்துக்கு வர்றேன். டிராய் ஆணையம் 2009ல போட்ட விதிப்படி நூறு அழைப்புல ரெண்டுக்கு மேல அறுந்து விழக்கூடாது. ஆனா அது வட்டம் முழுசுக்கும் சராசரி. மூணு சதவீதத்துக்கு மேல அறுக்கிற டவர், நூத்துக்கு மூணுக்குள்ள இருக்கணும்னும் ஒரு விதி. கணக்குப் போட்டுப் பாருங்க. 98 டவர்ல நூத்துக்கு ஒரு அழைப்பு அறுது, ரெண்டே ரெண்டு டவர்ல முப்பது அறுதுன்னு வெச்சுக்குவோம். சராசரி 1.58 தான் வரும். ரெண்டு விதியிலயும் பாஸ்! அந்த ரெண்டு டவர்ல ஒண்ணு எங்க ஊர்ல நிக்குதுன்னா எங்க கதி?

2015ல டிராய், அறுந்த அழைப்புக்கு ஒரு ரூபா, ஒரு நாளைக்கு மூணு தடவை வரைக்கும் நஷ்டஈடு கொடுக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. 2016 மே மாசம் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. 2017ல சராசரி பலதை மறைக்குதுன்னு முறையை மாத்தினாங்க. 90 சதவீத டவர்ல, 90 சதவீத நாள்ல, ரெண்டு சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு அப்ப விதி வெச்சாங்க. முன்னைக்கு நல்ல மாற்றம்தான். ஆனா மீதிப் பத்து சதவீத டவர் எங்க இருந்திருக்கும்னு நான் சொல்லணுமா? அதே வருஷம் 'மைகால்'னு ஒரு ஆப்பும் விட்டாங்க, பேசி முடிச்சதும் நட்சத்திரம் போடலாம். அதை இறக்கவே சிக்னல் வேணுமே!

எங்க ஊர்க் கூட்டம் ஒண்ணுக்கு ஒரு டெலிபோன் கம்பெனிக்காரர் வந்திருந்தார். சிக்னல் இல்லாததால ஓ.டி.பி. வர்றதில்ல, பயிர்க் காப்பீடு பதிய முடியாம நாள் போகுதுன்னு ஜனம் சொன்னாங்க. அவர் லேப்டாப்பைத் திறந்து, "உங்க ஏரியா ரிப்போர்ட் நார்மலாத்தாங்க இருக்கு"ன்னார். பொய் சொல்லல. அவர் மீட்டர் அதைத்தான் காட்டுச்சு. பின்வரிசையில இருந்த ஒரு அம்மா எழுந்து கேட்டுச்சு, "ரிப்போர்ட்டு நல்லா இருக்குங்க தம்பி. அதுல பேச முடியுமா?"

நூறு வருஷமா உலகம் பூரா நிபுணர்கள் எழுதினதையெல்லாம் அந்த அம்மா ஒரே கேள்வியில கேட்டுடுச்சு.

பட்டணத்து நண்பர்களே, பேசி முடிச்சதும் உங்க போன்ல "இந்த அழைப்பு எப்படி இருந்தது?"ன்னு அஞ்சு நட்சத்திரம் வரும். அவசரத்துல மூடிடாதீங்க. கிராமத்துக்குப் பேசி, பாதியில அறுந்து, மூணு தடவை "கேக்குதா?"ன்னு கேட்ட அழைப்பா இருந்தா, உள்ளபடி மார்க் போடுங்க. அந்தப் பக்கம் பேசினவர்கிட்ட அந்தக் கேள்வி வந்து சேர்ந்திருக்காது. அவருக்கும் சேர்த்து நீங்கதான் போடணும்.